ஒவ்வோர் அடிக்குப் பிறகும்



விளையாட்டிலிருந்து வணிகம் என்ன கற்கலாம் என்று கேட்டால், வெறியோடு மோதினால் வெல்லலாம் என்ற பதில்தான் எங்கும் கிடைக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் 2006 முதல் 2015 வரை இடைவிடாமல் 108 மாதங்கள் ஸ்குவாஷ் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். 8 முறை உலகப் பட்டம் வென்றார். ஒருநாள் வெற்றிக்கு வெறி போதும். 9 ஆண்டு நிலைத்திருக்க அது காணாது. ஸ்குவாஷ் களத்தின் நடுவே கோடுகள் கூடும் இடத்தை ‘டி’ என்பார்கள். அடித்த பந்து எவ்வளவு அழகாக மூலையில் விழுந்தாலும், அதை ரசித்து நிற்காமல் ஆட்டக்காரர் உடனே அங்கே திரும்ப வேண்டும். அடுத்த பந்து எந்தப் பக்கம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. எந்தப் பந்தையும் ஓடி எடுத்துவிட்டு நடுவுக்கு மீளும் அந்த வேகம்தான் நிக்கோலின் பலம். இப்போது நம் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துக்கு வருவோம். இங்கே நாம் திரும்ப வேண்டிய நடு இடம் தொழிலின் முதல். தக்காளி நல்ல விலைக்குப் போன மாதத்தில் வந்த பணம் முதலுக்குத் திரும்புகிறதா, புதுக் காருக்கு முன்பணமாகிறதா? விதைக்கும் உரத்துக்கும் வைத்த காசும் வீட்டுச் செலவுக் காசும் ஒரே சட்டைப்பையில் கிடந்தால், விலை சரியும் மாதத்தில் நாம் எங்கே போய் நிற்பது?

இதற்கு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. விளையாட்டில் நடுவர் இருக்கிறார், இருவருக்கும் ஒரே களம். இங்கோ விலையை மொத்த வியாபாரி வைக்கிறார், நிலமும் பலருக்குச் சொந்தமில்லை. உழைத்தால் உயரலாம் என்று சொல்லி இந்த உண்மையை நான் மூடமாட்டேன். ஆனால் நிக்கோலும் தனியாக ஏறவில்லையே! ஆம்ஸ்டர்டாம் சென்று லிஸ் இர்விங்கிடம் பயின்றார். நாட்டின் விளையாட்டு அமைப்புகள் துணை நின்றன. இன்னொரு ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து கிடந்தார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். அவருடைய மனவுறுதியைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். மருத்துவமும், உடல் தேறும்வரை காத்திருக்க நேரமும் அந்த உறுதிக்குத் தோள் கொடுத்தன. அதே விபத்து நம் கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்தால் மறுமாதமே கடை மூடிவிடும். சுயதொழில் செய்வோருக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பாதுகாப்பு தரும் சட்டம் 2017இலேயே வந்துவிட்டது. அதில் பதிந்துகொள்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

வென்றவர்களை மட்டும் காட்டுகிறீர்கள், தோற்றவர் கணக்கு எங்கே என்றும் கேட்கலாம். அதனால்தான் பதக்கத்தை விட்டுவிட்டு, அதன் பின்னே நின்ற ஏற்பாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் மாதம் 10 வெள்ளி கட்டின. அந்தப் பணம் தோட்டங்களையே வாங்கியது. அன்று கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடிந்தது. இன்று உரம் வாங்க, லோரி பிடிக்க, கணக்கெழுத ஓர் ஆளை அமர்த்த, இந்த மண்டபத்திலிருந்து பத்துப் பேர் சேர முடியாதா?