தீர்மானப் புத்தகத்தில் ஏறாதவை

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மகளிர் குழு இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாய் விரித்து உட்கார்ந்து, சேமிப்பை எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள். வீட்டில் வாங்கும் அடி, தூக்கமின்மை, மனச்சோர்வு எதுவும் அந்தப் புத்தகத்தில் ஏறுவதில்லை. இதற்கென்று உதவிகள் இல்லாமலில்லை. 2015இல் தொடங்கிய பெண்களுக்கான சகி மையத் திட்டத்தில் சிகிச்சை, போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் உண்டு. 2022இல் வந்த மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416இல் அழைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். ஆனால் நொந்துபோன பெண் முதலில் வாய் திறப்பது தெரிந்த அக்காவிடம்தான். அந்த அக்கா பெரும்பாலும் குழுவில் இருப்பவர்.

குழுவில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடாதா என்பீர்கள். நியாயமான பயம். கதையை அங்கே சொல்லவே வேண்டாம். மகளிர் உதவி எண் 181, டெலி மானஸின் 14416 என்ற எண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும். கடனே பாதி மனச்சுமை என்பதும் மெய்தான். தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கெடுபிடி முற்றி, 2010இல் ஆந்திர அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. ஆகவே, தவணை தவறியவரிடம் அபராதம் கேட்குமுன், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று யாராவது தனியே கூப்பிட்டு விசாரிக்கலாம், அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.