விதைநெல்லைக் காத்தோர்



வானம் பொய்த்த ஆண்டில், அடுப்பெரியாத நாளிலும், நம் உழவன் விதைநெல்லைக் குத்தி உண்ணத் துணியான். அடுத்த மழை பொழியும் என்பதற்கு அவனிடம் சான்று எதுவுமில்லை. எனினும் அந்நெல்லை அவன் காக்கின்றான். நம்பிக்கை யாதென வினவுவோர்க்கு இதுவே தக்க விடையாகும்.

இவ்வுறுதிக்காக உயிரையே கொடுத்தோரும் உளர். இரசியத் தாவரவியலறிஞர் நிக்கொலாய் வவிலோவ், பஞ்சத்தை ஒழிக்கும் நோக்குடன் நாடு பல சுற்றிப் பயிர்விதைகளைத் திரட்டினார். அவை லெனின்கிராட் நகரத்து ஆய்வு நிலையத்திற் பேணப்பட்டன. 1940இல் அரசாங்கம் அவரைச் சிறைப்படுத்தியது. 1943இல் சிறையிலேயே அவர் மாண்டார். இதனிடையே, 1941 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் அந்நகரை முற்றுகையிட்டன. அவ்வாண்டுப் பனிக்காலத்தில் நகர மக்களுட் பலருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் பாண் மட்டுமே.

ஆய்வு நிலையத்திலோ நெல்லும் கோதுமையும் கடலையும் பொதி பொதியாக இருந்தன. காவலிருந்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றை உணவாக்கிக் கொள்ளவில்லை. நெல்லாராய்ச்சியாளர் திமித்திரி இவானோவ் நெற்பொதிகளின் நடுவே பசியால் இறந்தார். கடலை ஆராய்ச்சியாளர் அலெக்சாந்தர் சூக்கின் தம் மேசையிலேயே உயிர் நீத்தார். வேறு சிலரும் அவ்வாறே மடிந்தனர். 1944 சனவரியில் முற்றுகை நீங்கியது. காக்கப்பட்ட விதைகளிலிருந்து பின்னர் புதிய பயிரினங்கள் தோன்றின. அவ்விளைச்சலை, மாண்டவர்கள் கண்டாரல்லர். தாம் காணாத நாளொன்று உண்டு என்று கொண்டாலன்றி அத்தகைய காவல் எவர்க்கும் இயலாது.

நேயர்களே, நம் இல்லங்களிலும் விதைநெல் உண்டு. அது பிள்ளைகளின் கல்வி. 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. எனினும் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பேருந்துக்கும் பணம் வேண்டியுள்ளது. நெருக்கடி முற்றும்போது, "பிள்ளையை வேலைக்கு அனுப்பப் போகிறோம், ஐயா" என்று கூறும் பெற்றோர் என்னிடம் வருவதுண்டு. அவர்களைக் கடிந்துரைக்க நான் முற்படுவதில்லை. பசியின் கொடுமையை அவர்களே அறிவர். "இன்னும் ஒரு தவணை பொறுங்கள்" என்றே வேண்டுவேன். அயலவர் ஒருவர் இரண்டு கொப்பிகளையும் ஒரு வேளை உணவையும் கொடுத்து உதவினால், அத்தவணை கடந்துவிடும்.

துன்பம் வந்துற்ற காலத்தில் எதனைக் குறைக்கலாம், எதனை விற்கலாம் என்று கணக்கிடுதல் இயல்பே. விதையை வேறாக எடுத்து வைத்த பின்னர் அக்கணக்கைத் தொடங்குவோமாக.