கொழுந்தின் எடை ஏட்டில் இருக்கிறது. குழந்தையின் பிறப்பு எங்கே?



1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பகாங் மாநில எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரில் ஓர் உயர்ந்த சமவெளியைக் கண்டார். கண்டவர் அதை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. அவர் சொன்ன இடம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது பிறகு பல ஆண்டுகள் சர்ச்சையாகவே இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அதை மலைவாசத் தலமாக்கும் வேலை சூடு பிடித்தது. இன்று நாம் குளிருக்காகவும் தேயிலைக்காகவும் ஏறிப் போகும் கேமரன் மலையின் கதை, அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு பதிவிலிருந்துதான் தொடங்குகிறது.

நிலத்துக்கு நேர்ந்த தவறைத் திருத்திக்கொள்ளலாம். மலை நகர்ந்து போய்விடாது. மனிதருக்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அந்தக் காலத் தோட்டத்தில் கணக்கு எழுதாத நாள் கிடையாது. விடிவதற்கு முன்பே பெரட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோலில் குறிப்பார் கிராணி. கூடை நிறைந்து நிறுக்கும் இடத்துக்கு வந்தால், இன்ன பெயருக்கு இத்தனை எடை என்று உடனே ஏட்டில் ஏறும். எடை குறைந்தால் சம்பளம் குறையும் என்பதால் கொழுந்து கிள்ளுபவரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இரு தரப்பும் கவனித்த அந்தக் கணக்கு சுத்தமாக இருந்ததில் வியப்பில்லை.

அதே பெண்மணிக்கு லயத்தில் குழந்தை பிறந்தால்? மருத்துவச்சி வருவார், அல்லது தோட்டத்து டிரெசர் வந்து பார்ப்பார். பிறப்பைப் பதியப் பட்டணத்துக்கு இறங்க வேண்டும். ஒரு காலத்தில் காவல் நிலையத்தில்தான் பதிவு. மலைப்பாதையில் போய் வர ஒரு நாள் ஆகும். ஒரு நாள் சம்பளம் போகும். பெயர் வைக்கும் நாள் வரட்டும், மழை விடட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் பத்திரம் இல்லை என்பது நினைவுக்கு வரும். கொழுந்தின் எடை நாள் தவறாமல் எழுதப்பட்டது. குழந்தை பிறந்த தேதியோ 'தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு' என்று பாட்டியின் வாயில் நின்றது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் இந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் தேதிகளின் மீது நிற்கிறது. 1957 ஆகஸ்டு 31, அதாவது மெர்டேக்கா நாள் தொட்டு, 1962 செப்டம்பர் இறுதி வரை இங்கே பிறந்தவர், பொதுவாக, இந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் குடிமகனாவார். அதற்குப் பின் பிறந்தவருக்கு அது போதாது. பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒருவர் 1962 ஆகஸ்டில் பிறந்தாரா, நவம்பரில் பிறந்தாரா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறுகிறது. அந்தத் தேதியை எதைக் கொண்டு நிரூபிப்பது? தோட்டத்து மருத்துவ ஏடு ஒன்று இருந்தால் அதைக் கொண்டு நிரூபிக்கலாம். அது பூஞ்சணம் பூத்து எரிக்கப்பட்டிருந்தால், சாட்சி சொல்லக்கூடிய பெரியவர் எவரேனும் உயிரோடு இருக்கிறாரா என்று தேட வேண்டும்.

இன்னொரு முடிச்சு திருமணத்தில் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் மேளம் முழங்கத் தாலி கட்டி, ஊரே உண்டு வாழ்த்தினாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது திருமணம் ஆகாது. அப்போது பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தந்தையைப் பார்க்காது, தாயைப் பார்க்கும். தந்தை நீல அடையாளக் கார்டு வைத்திருக்கலாம். தாயிடம் பத்திரமே இல்லையென்றால் பிள்ளை நாடற்றவனாகும் நிலை வருகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து தானும் பதியாமல் மணம் முடித்தால், குறை அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது. சொத்து இறங்குவதைவிட இது சுலபமாக இறங்குகிறது என்பதுதான் வேதனை.

1969இல் இந்தக் காகிதக் குறை எவ்வளவு பெரிய அடி கொடுத்தது என்பதை மூத்த நேயர்கள் அறிவார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, தோட்டங்களில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. அவர்களில் இங்கேயே பிறந்தவர்களும் இருந்தனர். 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்காகத் தனிப் பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 2018இல், 60 வயதைக் கடந்த 3,407 சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. வாழ்நாள் முழுவதும் இங்கே உழைத்தவருக்கு முதுமையில் வரும் அறிவிப்பு அது. மகிழ்ச்சிதான், ஆனால் 20 வயதில் கிடைத்திருந்தால் அவருடைய பிள்ளைகளின் படிப்பும் வேலையும் வேறாக இருந்திருக்கும்.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தில், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்ல செய்தி இருந்தது. அதே திருத்தத்தில், நிரந்தர வாசிகளின் பிள்ளைகளுக்கு இயல்பாகக் கிடைத்து வந்த குடியுரிமை நீக்கப்பட்டது. திருத்தம் நடப்புக்கு வருமுன் பிறந்தவருக்குப் பழைய விதிதான் பொருந்தும். ஆக, இனிமேல் 'எப்போது பிறந்தார்' என்ற கேள்விக்கு இன்னும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. பிறப்பைக் காட்டும் தாளின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

பக்கத்து உதாரணம் ஒன்று. இலங்கையின் மலையகமும் தேயிலைதான், தமிழர்தான். அங்கே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்பது போன்ற சான்றுகளைக் கேட்டது. தோட்டத் தொழிலாளர் வீட்டில் அத்தகைய பத்திரம் எப்படி இருக்கும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவராயினர். மிச்சமிருந்தவர்களின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் ஓடியவை 55 ஆண்டுகள். அரசு தானே எழுதி வைக்காத ஒன்றைக் குடிமக்களிடம் கேட்பது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

மீண்டும் கேமரன் மலைக்கே வருவோம். தோட்டத் தமிழரின் வாழ்க்கையை நிரூபிக்கும் தாள்கள் எங்கெங்கே இருக்கின்றன? செக்ரோல், மருத்துவ ஏடு, லயத்து வீட்டுப் பட்டியல் ஆகியவை தோட்ட அலுவலகத்தில். சேர்க்கைப் பதிவேடு தமிழ்ப்பள்ளியில். திருமணக் குறிப்பு கோவில் நிர்வாகத்தின் நோட்டுப் புத்தகத்தில். 1951 முதல் இயங்கும் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சந்தாக் கணக்கு. (பணக் கணக்கு மட்டும் எப்போதும் பத்திரமாக இருப்பது நம் காலத்தின் வேடிக்கை.) இவற்றில் பள்ளியின் ஏடும் சேமநிதிக் கணக்கும் பரவாயில்லை. மற்றவை தனியார் கையில் இருப்பவை.

சட்டம் இங்கேதான் கோட்டை விடுகிறது. 2003ஆம் ஆண்டின் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகச் சட்டம் அரசாங்கப் பதிவுகளைக் காக்கிறது. தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அவற்றை அழிக்க முடியாது. தோட்டத்து ஏடு அரசாங்கப் பதிவு அல்ல. முதலாளி தொழிலாளர் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சொல்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு? ஆறு. சம்பள வழக்குக்கு ஆறு ஆண்டு போதும். ஆனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஏடு அறுபது வயதிலும் தேவைப்படுகிறது. ஏழாம் ஆண்டு அலமாரியை ஒழிக்கும் நிர்வாகி சட்டத்தை மீறவில்லை. அவர் பழைய குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போடுவது இன்னொருவரின் பூர்வீகம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

காலமும் துணை செய்யவில்லை. தேயிலை வெட்டக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. சரிவுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் வேலை செய்கின்றனர். பழைய குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. லயம் இடிக்கப்பட்டால், அடையாளக் கார்டில் இருக்கும் முகவரி வெறும் பெயராகிவிடுகிறது. 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது. கார்டில் உள்ள முகவரிதான் வாக்களிக்கும் தொகுதியைத் தீர்மானிக்கிறது. இல்லாத லயத்துக்கு வாக்காளராக இருப்பதும் ஒரு விதத்தில் பதிவுக் கோளாறுதான். மலையின் ஈரம் வேறு. கரையானும் வெள்ளிப் பூச்சியும் பூஞ்சணமும் மூடுபனியோடு சேர்ந்து காகிதத்தைத் தின்கின்றன. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஓர் இரவு வந்தால், வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் ஒரே பிரதி தப்பும் என்று எப்படி நம்புவது?

பிறப்பும் குடியுரிமையும் கூட்டரசின் பொறுப்பு, மாவட்ட மன்றம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். குடியுரிமையை வழங்க அதனால் முடியாதுதான். ஆனால் சான்றைக் காப்பாற்ற முடியும். கேமரன் மலை மாவட்ட மன்றம் தோட்டங்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு அமைப்பு. உரிமம், வீட்டு வரி, கட்டட வரைபடம், இடுகாடு என்று அதன் மேசையிலேயே ஊரைப் பற்றிய ஏடுகள் குவிகின்றன. மாவட்ட நில அலுவலகமும் பதிவிலாகாவும் மருத்துவமனையும் ஒரே பட்டணத்துக்குள் இருந்தும், ஒருவர் வைத்திருப்பது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. 2025இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமும் கூட்டரசு அமைப்புகளுக்கு இடையிலானது மட்டுமே. மாநிலத்தின் கீழ் வரும் மாவட்ட மன்றம் அதற்கு வெளியே நிற்கிறது.

செய்ய வேண்டியது கோடிகளை விழுங்கும் கணினித் திட்டம் அன்று. முதலில் ஒரு பட்டியல்: எந்தத் தோட்டத்தில், எந்தக் கோவிலில், எந்தப் பள்ளியில், எந்த ஆண்டுகளின் ஏடு இருக்கிறது என்று. பிறகு அந்த ஏடுகளின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும். மூலத்தைத் தோட்டமே வைத்துக்கொள்ளட்டும். படத்தின் ஒரு பிரதி மன்றத்திலும், இன்னொன்று மலைக்கு வெளியே பழஞ்சுவடிக் காப்பகத்திலும் இருந்தால் போதும். இதில் எல்லாரும் தடுமாறுவது பெயரில். முனியாண்டி என்ற ஒரே பெயர் ஒரு தாளில் 'ஒய்' எழுத்திலும் அடுத்த தாளில் 'ஐ' எழுத்திலும் முடிந்திருக்கும். லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி மூவரும் ஒருவரே. கேட்ட கிராணி கேட்டபடி எழுதினார், அடித்த குமாஸ்தா தனக்குத் தெரிந்தபடி அடித்தார். அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடும் அட்டவணை பயன்படாது. தந்தை பெயர், தோட்டத்தின் அந்நாளைய பெயர், டிவிஷன், லய எண் ஆகியவற்றையும் சேர்த்துத் தேட வழி இருக்க வேண்டும். தமிழ் எழுத்திலும் பெயர் பதிய வேண்டும். ரோமன் எழுத்தில் பிரிந்து போனவை தமிழில் ஒன்றாகிவிடும். இந்த வேலைக்குத் தேவைப்படுவது தமிழ் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை.

ஆபத்தும் உண்டு. பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் அடங்கிய ஏடு தவறான கையில் சிக்கினால் போலிப் பத்திரம் தயாரிக்க உதவும். ஆகவே யார் வேண்டுமானாலும் புரட்டலாம் என்று திறந்து வைக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர் கேட்டால் அவருடைய பக்கத்தின் சான்றளித்த நகலைக் கொடுப்பது, யாருக்கு எப்போது கொடுத்தோம் என்பதையும் ஓர் ஏட்டில் எழுதுவது என்ற முறை வேண்டும்.

வீட்டுப் பக்கமும் சில வேலைகள் இருக்கின்றன. குழந்தை பிறந்தால் 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் விசாரணை. திருமணத்துக்கு மண்டபம் பார்க்கும்போதே பதிவுக்கும் நாள் குறித்துவிடலாம். கோவில் நிர்வாகங்கள், பதிவுக்கு மனுச் செய்த தாளைப் பார்த்த பிறகே முகூர்த்தத்துக்கு இடம் தருவது என்று முடிவெடுத்தால் பாதிச் சிக்கல் முளையிலேயே நின்றுவிடும்.

மாவட்ட மன்றக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம் என்பது சட்டம், மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய. தோட்டத்து இளைஞர்கள் நான்கு பேர் அங்கே போய் ஒரு கேள்வி கேட்டால் காரியம் தொடங்கும். பழைய செக்ரோல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் எந்த அறைக்குப் போவது, எந்த மேசையில் கொடுப்பது, யார் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார்?