ஜெபத்துக்குள் நுழையும் பெருமை

ஊர் நடுவே நின்று தற்பெருமை பேசுகிறவனை எல்லாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதே பெருமை ஆலயத்தில் கைகூப்பி நிற்பவனின் நெஞ்சுக்குள் இருந்தால் கண்டுபிடிப்பது கடினம். பல சமயங்களில் அவனுக்கே அது தெரிவதில்லை. கிறிஸ்தவ சமயம் இந்த ஆபத்தைத் தொடக்க காலத்திலேயே உணர்ந்திருந்தது. லூக்கா எழுதிய நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் ஒரு சிறிய உவமை அதற்குச் சான்று.

எருசலேம் தேவாலயத்துக்கு இருவர் ஜெபம் செய்யப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். பரிசேயன் என்றாலே வேடதாரி என்ற பொருள் இன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. இயேசுவின் காலத்தில் நிலைமை வேறு. மோசேயின் நியாயப்பிரமாணத்தை அன்றாட வாழ்க்கையில் கருத்தோடு கடைப்பிடித்த யூதர்கள் பரிசேயர்கள். மக்களிடையே அவர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஆயக்காரனோ ரோமானிய ஆட்சியின் கீழ் வரி வசூலித்தவன். உரியதற்கு மேல் கறந்து தன் பையை நிரப்புகிறவன் என்று ஆயக்காரர்களுக்குக் கெட்ட பெயர். உவமையைக் கேட்ட மக்கள் எவனுடைய ஜெபம் ஏற்கப்படும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசேயன் நின்றபடி கடவுளுக்கு நன்றி சொல்கிறான். கொள்ளைக்காரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் போலவோ, அதோ நிற்கும் ஆயக்காரனைப் போலவோ தான் இல்லை என்பதற்காக அந்த நன்றி. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பதையும், வருமானம் அனைத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் சேர்த்துக்கொள்கிறான். அவன் பொய் சொன்னதாக உவமையில் எங்கும் இல்லை. நியாயப்பிரமாணம் எல்லாருக்கும் கட்டாயமாக்கிய உபவாசம், ஆண்டுக்கு ஒரு முறை வரும் பாவநிவாரண நாளுக்கு உரியது. அவனோ வாரந்தோறும் இருமுறை இருக்கிறான். கடமைக்கும் மேலாகவே செய்கிறான்.

அப்படியானால் குறை எங்கே? அவனுடைய ஜெபத்தில் கடவுளிடம் ஒரு வேண்டுதல்கூட இல்லை. எல்லாம் தன்னிடம் இருப்பதாக எண்ணுகிறவனுக்குக் கேட்பதற்கு என்ன இருக்கும்? மேலும், அவன் கண் கடவுள் மீது இல்லை. பக்கத்தில் நிற்பவன் மீது இருக்கிறது. தன்னைக் கடவுளின் முன் நிறுத்திப் பார்க்காமல், ஆயக்காரனின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிறான். நன்றி என்ற நல்ல சொல்லே அவன் வாயில் பெருமையின் மறுபெயராகிவிடுகிறது.

ஆயக்காரன் தூரத்திலே நிற்கிறான். அண்ணாந்து பார்க்கவும் துணியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய தனக்கு இரக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்கிறான். கிரேக்க மூலத்தில் அவனுடைய ஜெபம் ஆறே சொற்கள். பரிசேயனின் ஜெபம் ஏறக்குறைய முப்பது சொற்கள். நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரனே என்று இயேசு முடிக்கிறார்.

கதை இத்துடன் முடிந்துவிட்டதாக எண்ணுகிறவன் ஒரு பள்ளத்தில் விழுகிறான். நல்ல வேளை, அந்தப் பரிசேயனைப் போல் தான் இல்லை என்று அவன் நிம்மதி கொள்கிறான் அல்லவா? அந்த நொடியில் அவனும் பரிசேயனின் ஜெபத்தையே சொல்லிவிடுகிறான். ஆட்கள் மாறினாலும் ஒப்பிடும் புத்தி மாறவில்லை.

பரிசேயர்களை மட்டும் பழிப்பது நியாயமும் அல்ல. இயேசுவுக்குச் சற்று முன் வாழ்ந்த யூத ஞானி ஹில்லெல், சாகும் நாள் வரை உன்னையே நம்பிவிடாதே, அடுத்தவனின் நிலைக்கு வரும்வரை அவனை நியாயம் தீர்க்காதே என்ற பொருளில் போதித்தார். இயேசுவின் உவமையும் தங்களையே நம்பி மற்றவர்களை அற்பமாக எண்ணியவர்களுக்குச் சொல்லப்பட்டதாகத்தான் லூக்கா குறிப்பிடுகிறார். இரண்டு போதனைகளும் ஒரே நோயைத்தான் சுட்டுகின்றன.

இந்த நோய் கிறிஸ்தவர்களையும் விடவில்லை. ‘டிடாக்கே’ என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல், வெளிவேடக்காரர்கள் திங்கள், வியாழன் கிழமைகளில் உபவாசம் இருப்பதால், கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளில் இருக்க வேண்டும் என்கிறது. நாளை மாற்றுவது எளிது. நெஞ்சை மாற்றுவதுதான் கடினம். ஐந்தாம் நூற்றாண்டில் துறவிகளுக்காக நூல் எழுதிய ஜான் கசியன், வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். நல்ல ஆடையில் பெருமை கொள்ள முடியாதவனை அது கந்தல் ஆடையில் பிடிக்கும். பேச்சில் பிடிக்க முடியாதவனை மௌனத்தில் பிடிக்கும்.

ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இதற்கு ஓர் அழகான வழி கண்டது. கிரேக்க, ரஷ்ய மரபுகளில், ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்வரும் ஒரு ஞாயிறு இந்த உவமைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அதை அடுத்து வரும் வாரத்தில் வழக்கமான புதன், வெள்ளி நோன்புகூடக் கிடையாது. நோன்பு இருப்பதைப் பற்றிப் பெருமை கொள்ளாதே என்ற பாடத்தை, நோன்பை நிறுத்தியே கற்பிக்கிறார்கள்.

அன்பர்களே, தாழ்மை என்றால் தன்னையே இழிவாகப் பேசிக்கொள்வது என்று பொருளல்ல. கப்பர்நகூமில் இருந்த ரோமானியப் படைத்தலைவன் ஒருவன், இயேசு தன் வீட்டுக்கு வரத் தனக்குத் தகுதியில்லை என்றான். ஆனால் நோயுற்ற தன் வேலைக்காரனுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்க அவன் தயங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உறுதியாக நம்பினான். தாழ்மை அவன் வாயை அடைக்கவில்லை. பிறனுக்காகத் துணிந்து கேட்க வைத்தது. அவனுடைய சொற்களைத் தழுவிய ஜெபத்தைத்தான் இன்றும் கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை பெறுமுன் சொல்கிறார்கள். அந்த வேளையில் திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கும் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் வேறுபாடில்லை. திருத்தந்தையே ஆனாலும் அதே சொற்கள்தான்.

அதுபோலவே, மார்பில் அடித்துக்கொள்வதோடு தாழ்மை முடிந்துவிடுவதில்லை. லூக்காவின் அடுத்த அதிகாரத்தில் எரிகோ ஊரின் சகேயு வருகிறான். அவன் ஆயக்காரர்களுக்குத் தலைவன், பணக்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். பிறரிடம் பிடுங்கியதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவது தாழ்மை ஆகாது. அது இன்னொரு வேடம்.

இன்றைய ஜெபக் கூட்டங்களிலும் இந்தச் சோதனை உண்டு. ஒருவர் திருந்த வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி வேண்டும்போது, அது ஜெபமா, அவர் மீது வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகையா? ஆலயத்துக்குக் கொடுத்த காணிக்கையை நன்றி என்ற பெயரில் பட்டியல் போடும்போது அதைக் கேட்க வேண்டியவர் கடவுளா, சபையாரா? சீடர்களுக்கு இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. தந்தை எல்லாருக்கும் தந்தை; அப்பம் எல்லாருக்கும் அப்பம்; மன்னிப்பும் எல்லாருக்குமே தேவை. அதைச் சொல்லும் எவனும் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல முடியாது.

ஜெபத்தைச் சோதித்துப் பார்க்க நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஜெபம் முடிந்து கண்ணைத் திறக்கும்போது, பக்கத்தில் இருப்பவன் முன்பைவிடத் தாழ்ந்தவனாகத் தெரிந்தால், அந்த ஜெபம் சொன்னவனைத் தாண்டி மேலே போகவில்லை. அவனும் தன்னைப் போலவே இரக்கம் தேவைப்படுகிறவன் என்று தெரிந்தால், அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.