அதே நிலாவும் பராசக்தியும்
(மதுரையில் படம் திரையிட்ட பிறகு நடந்த கூட்டத்தில் பேசியது)



இப்போது நாம் பார்த்த ஸ்பானிஷ் படத்தில் ஒரு வசனம்கூட எனக்கு நேராகப் புரியவில்லை. அடியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தைத் துரத்திப் பிடிப்பதற்குள் மெட்ரிகுலேஷன் படித்த எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் எனக்குப் பின்னால் இருந்த தாய்மார்கள் எழுத்தைப் பார்க்காமலே அழுதார்கள்.

2007-ல் பட்ரீசியா ரிகன் என்ற மெக்ஸிகோப் பெண்மணி எடுத்த 'லா மிஸ்மா லூனா', அதாவது 'அதே நிலா'. தாய் லாஸ் ஏஞ்சல்ஸில் வீட்டு வேலை செய்கிறாள். ஒன்பது வயது மகன் மெக்ஸிகோவில் பாட்டியிடம் வளர்கிறான். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தெருத் தொலைபேசியில் இருவரும் பேசுகிறார்கள். நாலு வருஷமாக அவள் ஏன் ஊருக்கு வரவில்லை? பாசம் இல்லாமலா? காகிதம் இல்லை. ஊருக்கு வந்தால் மறுபடி வேலைக்குப் போக முடியாது.

நம் ஊர்க்காரருக்கு இது புதுக் கதையா? 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யை நினைத்துப் பாருங்கள். இன்று இல்லாமல் போன நம் தங்கம் தியேட்டர் திறந்ததே அந்தப் படத்தோடுதான். அண்ணன்மார் மூவர் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். அவள் கல்யாணத்துக்கு வரக் கப்பலில் ஒரே ஒரு டிக்கெட் கிடைக்கிறது. மற்ற இருவரும் பிறகு அகதிகளோடு நடந்து வருகிறார்கள். ஒருவனுக்குக் கால் போகிறது.

இந்த நடை கற்பனையல்ல. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடினார்கள். கப்பல் காசுள்ளவனுக்கு. துறைமுகக் கூலி அரக்கான் மலையிலும் அஸ்ஸாம் எல்லைக் காட்டிலும் நடந்தான். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். படத்தில் இது கொஞ்ச நேரம்தான் வருகிறது. நாமும் கோர்ட் வசனத்துக்குக் கைதட்டக் காத்திருந்தோம். நானும் தட்டியவன்தான், குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பராசக்தியில் பிரித்தது யுத்தம். கடைசியில் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. சர்க்கார் கையெழுத்துப் பிரித்த குடும்பம் என்ன ஆனது? 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதாம். தேயிலை மூட்டையைக்கூட இப்படிப் பங்கு போடமாட்டார்கள்! தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகப்பனுக்கு இந்தியப் பிரஜை, மகனுக்கு இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்து வீடு இரண்டானது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். 1984-ல் அந்தக் கப்பலும் நின்றது.

மேலூர்ப் பக்கம் ஒரு தாயார் இருக்கிறார். 1971-ல் அப்பா அம்மாவோடு வந்தார். அண்ணன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். ரேஷன் கார்டு விஷயமாக அவர் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு இது தெரியும். அண்ணன் இறந்த கடிதம் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்ததாம். "கண்ணீர் விடக்கூட நாள் தப்பிப் போச்சு தம்பி" என்றார்.

அவர் இன்று இங்கே வந்திருக்கிறார். படத்தின் கடைசியில் தாயும் மகனும் ரோட்டின் இரு பக்கமும் நின்று சிக்னலுக்குக் காத்திருந்தார்கள் அல்லவா? அப்போது என் கையைப் பிடித்து, "விளக்கு மாறிடுச்சா?" என்று கேட்டார்.

பராசக்தி அளவுக்கு ஊரே திரண்டு பார்த்த படம் ஒன்று இவர்களைப் பற்றி இன்னும் வரவில்லை. பட முதலாளிகள் எடுப்பார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் இதே இடத்தில் பராசக்தியைப் போடுகிறோம். பர்மா, சிலோன் போய் வந்த வீட்டார் பழைய பாஸ்போர்ட், கடிதம், போட்டோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். செல்போன் வைத்திருக்கும் இளந்தோழர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பெரியவர்கள் பேசுவதைப் படம் பிடிக்கும் வேலை உங்களுடையது.