கொள்ளை நோயும் கல்லூரிப் பந்தாட்டமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஊரெங்கும் கொள்ளை நோய் பரவியிருக்கும் காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளைப் பந்தாட விடலாமா என்பதாகும். இது 2020-ம் வருஷத்தில் கொரோனா நோயின்போது அமெரிக்கா முழுவதும் பெரிய வாதமாக நடந்த சங்கதி. "எங்கோ நடந்த பந்தாட்டத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். யாருடைய உடம்பை வைத்து யார் லாபமடைவது என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வியானதால், இது எல்லோரும் யோசிக்கவேண்டிய விஷயமேயாகும்.

முதலில் அந்த ஆட்டம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடுவார்கள். ஓடுகிறவன்மேல் எதிர்க்கட்சியார் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். முகத்தோடு முகம் மூச்சுக்காற்றுப் படும்படி மோதிக்கொள்ளுவார்கள். சாதாரண காலத்தில் சில மைதானங்களில் லட்சம் பேருக்கு மேல் கூடுவதுண்டு. ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி நிற்கும்படி வைத்தியர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த ஆட்டத்தை நடத்தவேண்டுமென்றார்கள்.

பிக் டென் என்கிற கல்லூரிக் கூட்டு 2020 ஆகஸ்டு 11-ந் தேதி ஆட்டம் வேண்டாமென்று நிறுத்திற்று. செப்டம்பர் 16-ந் தேதி மறுபடியும் ஆடலாமென்றது. இடையில் நோய் ஒழிந்து போயிற்றா? இல்லை. ஆட்டக்காரர்களுக்குத் தினந்தோறும் பரிசோதனை செய்யும் வசதி வந்துவிட்டதென்று காரணம் சொன்னார்கள். நல்லது. அந்த வசதி வகுப்பிலிருக்கும் மற்ற மாணவர்களுக்கும், விடுதியில் சமைப்பவர்களுக்கும், கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் தினந்தோறும் கிடைத்ததா? இல்லையே! ஒரே கல்லூரிக்குள் ஒருவன் உயிருக்கு ஒரு விலை, மற்றவன் உயிருக்கு வேறு விலையா?

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். சாப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலை ஆகஸ்டு 10-ந் தேதி வகுப்புகளைத் திறந்தது. ஒரு வாரத்திற்குள் 130 மாணவர்களுக்கு நோய் கண்டது. உடனே இளங்கலை வகுப்புகளை மூடி, பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் படிக்கட்டும் என்றார்கள். ஆனால் செப்டம்பர் 12-ந் தேதி அதே சர்வகலாசாலையின் பந்தாட்டக் கோஷ்டி மைதானத்தில் இறங்கியது! படிப்பதற்கு உட்கார்ந்தால் ஆபத்து, கட்டிப் புரண்டால் ஆபத்தில்லை என்பதை எந்த அறிவு ஒப்புக்கொள்ளும்? கல்லூரி இருப்பது படிப்புக்கா, பந்துக்கா?

இதற்கு மூலகாரணம் பணம் என்பதே நமது அபிப்பிராயம். டெலிவிஷன் கம்பெனிகள் இந்த ஆட்டங்களுக்குக் கோடிக்கணக்கான டாலர் கொடுக்கின்றன. அலபாமா கோஷ்டியின் பயிற்சியாளருக்கு அந்த வருஷச் சம்பளம் 90 லட்சம் டாலருக்கு மேல். அடிபட்டு விழுகிற பிள்ளைக்கோ, அன்று படிப்புச் செலவுக்கான உதவியைத் தவிர சம்பளமென்று ஒன்று கிடையாது. பெரிய கோஷ்டிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பர்கள். வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் கொரோனாவால் மடிந்ததும் அந்தச் சமூகமே.

"பிள்ளைகளே ஆட ஆசைப்பட்டார்களே" என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அதே பிள்ளைகள் அந்த ஆகஸ்டிலேயே, எல்லோருக்கும் ஒரே மாதிரியான பாதுகாப்பு, வேண்டாமென்கிறவனுக்கு நஷ்டமில்லாமல் விலகும் உரிமை, தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆகியவையும் வேண்டுமென்று கேட்டார்கள். ஆட ஆசைப்பட்டதை மாத்திரம் காதில் வாங்கிக்கொண்டு, சங்கம் கேட்டதைக் காதில் வாங்காதது ஏன்?

"பெரிய விபரீதம் நடக்கவில்லையே" என்றும் சொல்வார்கள். பிக் டென் கல்லூரிகளில் நோய் கண்டு தேறிய 1,597 விளையாட்டுக்காரர்களின் இருதயத்தைப் பரிசோதித்ததில், 37 பேருக்கு வீக்கம் காணப்பட்டதென்று 2021-ல் வெளியாயிற்று. அந்த 37 பேரில் 28 பேருக்கு வெளியில் ஒரு குறியும் தெரியவில்லை. பயந்த அளவுக்கு இல்லையென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஆடச் சொன்ன அன்றைக்கு இந்தக் கணக்கு ஒருவர் கையிலும் இல்லையே! தெரியாத ஆபத்தில் பிறத்தியார் பிள்ளையை இறக்கிவிட்டு, பிழைத்த பிறகு "பார்த்தாயா" என்பது அறிவாகாது.

ஆபத்து ஆட்டக்காரனோடு நிற்பதுமில்லை. 1918-ம் வருஷத்து விஷ ஜுரத்தின்போது செப்டம்பர் 28-ந் தேதி பிலடெல்பியாவில் யுத்தக் கடனுக்காக ஊர்வலம் விட்டார்கள். சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அந்தப் பாடம் தெரிந்திருந்தும், 2020 நவம்பர் 7-ந் தேதி நோத்ர தாம் கோஷ்டி கிளம்சனை ஜெயித்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் குதித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

ஹார்வர்டு, யேல் முதலியவை சேர்ந்த ஐவி லீக் கூட்டோ ஜூலை 8-ந் தேதியே நிறுத்திவிட்டு, அந்தப் பருவம் முழுதும் ஆடவேயில்லை. அதனால் அவற்றின் கல்வி ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்: வகுப்பைத் திறக்கமுடியாத கல்லூரி மைதானத்தைத் திறக்கக்கூடாது. ஆபத்தைச் சுமக்கிறவனுக்கு முடிவு செய்யும் உரிமையும், வரும்படியில் பங்கும் இருக்கவேண்டும். பங்கு விஷயத்தில், 2021 ஜூன் 21-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமித்து ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அடுத்த கொள்ளை நோய் வரும்போது, ஆடுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடப்படுமா?

நாம் சொன்னதற்காக ஒப்புக்கொள்ளவேண்டாம். உங்கள் பிள்ளை அந்த மைதானத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.