அரிசி விளையும் மண்ணில் அரை வயிறு

(கிளிநொச்சியில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பசி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இங்கே இருக்கும் வயதானவர்களிடம் 1973, 74ஆம் ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலை ஏறின. இங்கே கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, கோதுமை மாவின் விலை ஏறியது. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. கிராமத்தவருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் இருந்த நமக்கு வாசற்படி மட்டுமே இருந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் நேர்ந்த சாவுகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிகக் கூடுதலாக இருந்தன.

அந்தப் பசிதான் நம்மில் பலரை வன்னிக்குக் கொண்டுவந்தது. 1977, 1983 கலவரங்கள் இன்னும் பலரைக் கொண்டுவந்தன. தர்மபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று காடு வெட்டிக் குடியேறினோம். இறக்குமதி தடைப்பட்டிருந்த அந்தக் காலத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தோட்டங்களில் கூலி வேலைக்குக் குறைவில்லை. 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட்டதும் அந்த விலை விழுந்தது. பிறகு வந்த யுத்தமும், 2009இல் ஒரு வாய்க் கஞ்சிக்கு நின்ற வரிசையும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போதைய கணக்குக்கு வருவோம். 2021 மார்ச்சில் தேயிலைத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கொழும்புப் புள்ளிக் கணக்கின்படி, 2022 செப்டெம்பரில் உணவு விலை ஒரே ஆண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது 100 ரூபா சாமானுக்கு 195 ரூபா. சம்பளமோ அதே 1000. சாப்பாட்டுக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 500 ரூபாவாகிவிட்டது. 1350 ரூபா வந்தது 2024 செப்டெம்பரில்தான். மூன்றரை ஆண்டுகள் நம் சம்பளத்தை யாரும் கை நீட்டி வெட்டவில்லை. விலைவாசியே வெட்டியது.

உலகில் தானியம் இல்லாததால் இப்படி நடக்கவில்லை. 2008இல் அரிசி விளைந்தது. ஆனால் ஏற்றுமதி நாடுகள் கதவை மூடின, விலை எகிறியது, ஹெயிட்டி போன்ற ஏழை நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்தனர். 2022இல் உக்ரைன் யுத்தம் கோதுமையையும் உரத்தையும் ஏற்றியது. நமக்கோ அதற்கு முன்பே, 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்திருந்தார்கள்.

வன்னியிலும் இதே கதைதான். இரணைமடுவின் கீழே நெல் விளைகிறது. ஆனால் நம்மில் பலருக்கு வயல் இல்லை, மேட்டுக்காணி மட்டும்தான். அதிலும் பலருக்கு உறுதி இல்லை. காலபோக அறுவடையில் நாம் கூலிக்குப் போய் வெட்டிக் கொடுத்த நெல் ஈரத்தோடு மலிவாக லொறி ஏறுகிறது. கார்த்திகை, மார்கழியில் அதையே அரிசியாகக் கூடின விலைக்கு வாங்குகிறோம். காசு போதாவிட்டால் கடைக் கொப்பியில் எழுதுகிறோம், அல்லது நுண்கடன் எடுக்கிறோம். பானையில் குறைவதை முதலில் தன் தட்டில் குறைப்பவள் தாய். இதை ஆண்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. உணவு விலை ஏறும்போது சம்பளமும் ஆண்டுதோறும் ஏற வேண்டும். அரசு அறுவடை நேரத்திலேயே நெல்லை வாங்கி, கூட்டுறவுக் கடைகள் மூலம் அரிசியாகத் தர வேண்டும். குடியிருக்கும் காணிக்கு உறுதியும் தண்ணீரும் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு நேரச் சாப்பாடு வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை சும்மா இருக்கவும் முடியாது. பத்துக் குடும்பம் சேர்ந்து, மாசி, பங்குனியில் கூலியின் ஒரு பங்கை நெல்லாகவே கேட்டு வாங்குவோம். ஈரப்பதன் 14 வீதத்துக்கு வரும்வரை காயவைத்து, எலி ஏறாதபடி பலகைமேல் அடுக்கி, தேவைக்கேற்பக் குற்றிக்கொள்வோம். யாருடைய மூட்டை எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கொப்பி பெண்கள் கையில் இருக்கட்டும்.

மலையக உறவுகளே, உங்கள் சம்பளப் போராட்டமும் எங்கள் காணிப் போராட்டமும் ஒரே பானைக்காகத்தான். அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குழு அமைய வேண்டும். இன்று போவதற்கு முன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.